சைன் அலைகளைக் கூட்டிச் சதுரம், ரம்பம், முக்கோணம் செய்வது எப்படி

திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் அலை எதுவாக இருந்தாலும், நடைமுறையில் நாம் பார்க்கிற எல்லாவற்றையும், வெறும் சைன் அலைகளைக் கூட்டியே கட்டிவிடலாம். ஃபூரியர் தொடர் சொல்வது இவ்வளவுதான். ஆனால் பாடப்புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே தொகையீட்டுக் குறி வந்து நிற்கும், பலர் அங்கேயே மூடிவைத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் தொகையீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு விரிதாளைத் திறந்து நாலு சைன் அலையைக் கையாலேயே கூட்டிப் பாருங்கள். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் எதுவானாலும் சரி.

தாளை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். முதல் நெடுவரிசையில் கோணம், 0 முதல் 720 வரை ஒவ்வொரு டிகிரியாக (இரண்டு சுற்று இருந்தால்தான் அலை அலையாகத் தெரியும், ஒரு சுற்று மட்டும் இருந்தால் ஏதோ கோடு மாதிரி இருக்கும்). இரண்டாவது நெடுவரிசையை மொத்தத்துக்கு விட்டுவிடுங்கள். மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு ஹார்மோனிக். அதன் தலையில் மூன்று செல்கள் வேண்டும்: மேலே ஹார்மோனிக்கின் எண், அதன் கீழே வீச்சு (அலையின் உயரம்), அதற்கும் கீழே ஃபேஸ் (அலை எத்தனை டிகிரி தள்ளித் தொடங்குகிறது என்பது). எண் 1 என்றால் அடிப்படை அலை, 2 என்றால் அதே நேரத்தில் இரண்டு சுற்று ஓடுவது, 3 என்றால் மூன்று சுற்று. அவ்வளவுதான், முழு எண்கள் மட்டும். இரண்டரை மடங்கு அதிர்வெண்ணுள்ள அலையை உள்ளே விட்டால் அடிப்படை அலையின் ஒரு சுற்று முடியும்போது அது பாதியில் நிற்கும், அடுத்த சுற்று முந்தைய சுற்றைப் போல இருக்காது.

கீழே உள்ள ஒவ்வொரு செல்லிலும் போட வேண்டிய கணக்கு:

வீச்சு × சைன்(எண் × கோணம் + ஃபேஸ்)

இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். விரிதாளின் சைன் ரேடியனைத்தான் எதிர்பார்க்கும், அதனால் அடைப்புக்குள் இருப்பதை முழுவதுமாக ரேடியனாக மாற்றிவிட்டுக் கொடுங்கள். மறந்தால் அலைக்குப் பதிலாகக் கிறுக்கல்தான் வரும். இரண்டாவது, டாலர் குறி. தலையில் உள்ள மூன்று செல்களுக்கும் வரிசை எண்ணைப் பூட்ட வேண்டும், கோணத்துக்கு நெடுவரிசை எழுத்தைப் பூட்ட வேண்டும். அப்போதுதான் ஒரு செல்லில் எழுதியதை வலப்பக்கமும் கீழும் இழுத்து நிரப்ப முடியும். ஒரு இருபது ஹார்மோனிக் வரை இழுத்துவிடுங்கள், வீச்சு எல்லாவற்றுக்கும் 0 போட்டு வையுங்கள். மொத்தம் என்பது அந்தந்த வரிசையின் கூட்டல். கோணத்தையும் மொத்தத்தையும் வைத்து ஒரு வரைபடம் போடுங்கள். அதில் கோட்டை மென்மையாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், அது இல்லாத வளைவுகளைக் காட்டும்.

இப்போது சதுர அலை. கோணத்தைச் சுருக்கமாகக் கோ என்று எழுதுகிறேன்:

4/பை × [ சைன்(கோ) + சைன்(3 கோ)/3 + சைன்(5 கோ)/5 + சைன்(7 கோ)/7 + … ]

ஒற்றைப்படை எண்கள் மட்டும், ஒவ்வொன்றையும் அதன் எண்ணாலேயே வகுக்க வேண்டும். ஆக வீச்சு வரிசையில் 1க்கு 1.273, 3க்கு 0.424, 5க்கு 0.255, 7க்கு 0.182, 9க்கு 0.141. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போடாதீர்கள். ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் வரைபடத்தைப் பாருங்கள். 3ஐச் சேர்த்ததும் உச்சி நடுவில் குழிந்து இரண்டு மேடாகும். 5ஐச் சேர்த்ததும் மூன்று மேடு. எத்தனை சைன் சேர்த்திருக்கிறீர்களோ அத்தனை மேடு வர வேண்டும், வரவில்லையென்றால் எங்கோ தவறான எண் இருக்கிறது. இதைவிட எளிய சோதனை கிடையாது.

இன்னொரு சோதனை, 90 டிகிரி வரிசையில் மொத்தம் என்ன காட்டுகிறது என்று பார்ப்பது. ஒரு சைன் மட்டும் இருக்கும்போது 1.273. இரண்டுக்கு 0.849, மூன்றுக்கு 1.103, நாலுக்கு 0.922, ஐந்துக்கு 1.063. ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே என்று ஊசலாடிக்கொண்டே 1ஐ நெருங்கும். இது 1 − 1/3 + 1/5 − 1/7 என்று போய் பை/4 ஆகிற அந்தப் பழைய தொடரேதான், 14ஆம் நூற்றாண்டில் சங்கமகிராம மாதவன் கண்டது, பிறகு ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் பெயரில் வழங்குவது. சதுர அலையின் நடுப்புள்ளியில் அது வந்து உட்கார்ந்திருப்பது எனக்கு இன்றும் பிடித்த விஷயம்.

சரி, இந்த 4/பை எங்கிருந்து வந்தது? இந்த முறை தெரிந்துவிட்டால் எந்த வடிவத்துக்கும் பட்டியலை நீங்களே எடுத்துவிடலாம். ஓர் அலைக்குள் 3ஆம் ஹார்மோனிக் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? அந்த அலையைச் சைன்(3 கோ)வால் புள்ளிக்குப் புள்ளி பெருக்குங்கள், ஒரு சுற்று முழுவதும் சராசரி எடுங்கள், இரண்டால் பெருக்குங்கள். முடிந்தது. வேறு எண்ணுள்ள சைன்கள் எல்லாம் இந்தச் சராசரியில் மேலும் கீழுமாக அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும், 3 மட்டும் மிஞ்சும். அந்த மிச்சமும் பாதிதான் வரும், ஏனென்றால் சைனின் வர்க்கத்துக்குச் சராசரி அரை. இரண்டால் பெருக்குவது அதனால்தான்.

சதுர அலைக்கு இதை மனக்கணக்காகவே செய்யலாம். சதுரம் முதல் பாதியில் +1, இரண்டாம் பாதியில் −1. இதைச் சைன்(கோ)வால் பெருக்கினால் இரண்டாம் பாதியில் கீழே போயிருக்க வேண்டிய மேடு மேலே திரும்பிவிடும், ஆக இரண்டு மேடு, சராசரி 2/பை, அதாவது 0.637. இரட்டித்தால் 1.273. அடுத்து 2ஆம் ஹார்மோனிக்: முதல் பாதிக்குள்ளேயே அது ஒரு முழுச் சுற்று ஓடிவிடுகிறது, மேடும் பள்ளமும் சமம், பூஜ்யம். இரண்டாம் பாதியிலும் அதே கதை. 4, 6, 8 எல்லாவற்றுக்கும் இதே கதிதான். 3ஆம் ஹார்மோனிக் என்றால் முதல் பாதியில் மேடு, பள்ளம், மேடு என்று மூன்று அரைச்சுற்று. முதல் இரண்டும் கழிந்துவிட, மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ள ஒரு மேடு மட்டும் மிஞ்சும். அதனால் 1.273இல் மூன்றில் ஒன்று. 5க்கு ஐந்தில் ஒன்று. தொகையீட்டுக் குறியே இல்லாமல் சூத்திரம் முழுவதும் வந்துவிட்டது பாருங்கள்.

இதிலிருந்து ஒரு குறுக்குவழியும் கிடைக்கிறது. இரண்டாம் பாதி முதல் பாதியை அப்படியே தலைகீழாக்கியதுபோல இருந்தால், அந்த வடிவத்தில் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் இருக்கவே இருக்காது. கணக்குப் போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

ரம்பப்பல் அலையில் இந்தச் சலுகை இல்லை, எல்லா எண்களும் வரும்:

2/பை × [ சைன்(கோ) − சைன்(2 கோ)/2 + சைன்(3 கோ)/3 − சைன்(4 கோ)/4 + … ]

இது −1இலிருந்து சாய்வாக ஏறி +1 வந்ததும் சட்டென்று விழும். குறிகளை எல்லாம் கூட்டலாக மாற்றினால் எதிர்த்திசைப் பல், மேலிருந்து சாய்வாக இறங்கி, சட்டென்று ஏறுவது. காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

முக்கோண அலை:

8/பையின் வர்க்கம் × [ சைன்(கோ) − சைன்(3 கோ)/9 + சைன்(5 கோ)/25 − … ]

முன்னால் உள்ள எண் 0.811. இங்கே குறிகளோடு விளையாட முடியாது. எல்லாவற்றையும் கூட்டலாகப் போட்டால் முக்கோணத்துக்குப் பதிலாக, பூஜ்யத்தைத் தாண்டும் இடத்தில் செங்குத்தாக ஏறி, உச்சியில் உருண்டையாக நிற்கிற ஒரு குமிழ்தான் கிடைக்கும். வீச்சுப் பட்டியல் அச்சு அசல் அதேதான், குறி மட்டும்தான் மாறியது.

இதை இன்னும் பளிச்சென்று பார்க்க வேண்டுமானால் சதுர அலைக்கே திரும்பிப் போய், வீச்சுகளை அப்படியே விட்டு, எல்லா ஃபேஸையும் 90 ஆக்குங்கள். சைன்கள் எல்லாம் கோசைன்களாகிவிடும். சதுரம் காணாமல் போய், 0 டிகிரியில் மேல்நோக்கியும் 180இல் கீழ்நோக்கியும் ஈட்டி மாதிரி இரண்டு முனைகள் நிற்கும். 0 டிகிரியில் 1 + 1/3 + 1/5 + 1/7 என்று எல்லாம் ஒரே பக்கம் கூடுகிறது, இந்தத் தொடருக்கு எல்லையே கிடையாது. 25 சைன்களைக் கூட்டினால் முனை ஏறத்தாழ 3.3க்குப் போய்விடும், அதே 25 சைன்கள் சதுரமாக இருந்தபோது உச்சி 1.2ஐக்கூடத் தொட்டதில்லை. ஆனால் இந்த இரண்டையும் ஒலியாக மாற்றி நிலையான ஒரு சுரமாகக் கேட்டால், முனை கத்தரிக்கப்படாத வரை, வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். கண்ணுக்கு ஃபேஸ் முக்கியம், காதுக்குப் பெரும்பாலும் வீச்சுதான் முக்கியம். வரைபடத்துக்காகச் செய்கிறீர்களா, ஒலிக்காகச் செய்கிறீர்களா என்பதை முதலிலேயே முடிவுசெய்துவிட்டால் ஃபேஸோடு எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அப்புறம், எத்தனை சைன் வேண்டும்? எல்லோரும் கேட்கிற கேள்வி. பதில் வடிவத்திலேயே இருக்கிறது, தாவல் இருக்கிறதா என்று பாருங்கள். அலை ஒரு மதிப்பிலிருந்து இன்னொரு மதிப்புக்குச் சட்டென்று குதித்தால் (சதுரம், ரம்பப்பல்) வீச்சுகள் எண்ணால் வகுத்த கணக்கில்தான் குறையும், மெதுவாக. குதிக்காமல் முனை மட்டும் மடங்கியிருந்தால் (முக்கோணம்) எண்ணின் வர்க்கத்தால் வகுத்த கணக்கில் குறையும். முனைகூட இல்லாமல் சாய்வும் தொடர்ச்சியாக மாறி, வளைவு மட்டும் ஓரிடத்தில் சட்டென்று மாறினால் எண்ணின் கனத்தால். முக்கோணத்துக்கு 9ஆம் ஹார்மோனிக் அடிப்படையில் 81இல் ஒரு பங்கு. மூன்று சைனிலேயே 90 டிகிரியில் 0.933 வந்துவிடும், பார்க்கவும் முக்கோணம் மாதிரியே இருக்கும். சதுரத்தில் 9ஆம் ஹார்மோனிக் இன்னும் 9இல் ஒரு பங்கு, நிறுத்தினால் கண்ணில் குத்தும்.

தாவலுக்கு இன்னொரு விலையும் உண்டு. சதுர அலையில் சைன்களைக் கூட்டிக்கொண்டே போங்கள், ஓரத்தில் இருக்கும் முதல் மேட்டின் உயரத்தை மட்டும் கவனியுங்கள். இரண்டு சைனுக்கு 1.200, மூன்றுக்கு 1.188, பத்துக்கு ஏறத்தாழ 1.18. அதற்குப் பிறகு 1.179இல் நின்றுவிடும். ஆயிரம் சைன் போட்டாலும் இறங்காது. மேடு ஒல்லியாகிக்கொண்டே தாவலோடு ஒட்டிக்கொள்ளும், உயரம் மட்டும் குறையாது. தாவலின் அளவில் கிட்டத்தட்ட 9 சதவீதம் எப்போதும் எகிறி நிற்கும். இதற்கு கிப்ஸ் விளைவு என்று பெயர். ஹென்றி வில்பிரஹாம் 1848லேயே எழுதிவிட்டார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1899இல் கிப்ஸ் விளக்கிய பிறகு அவர் பெயர் நிலைத்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மைக்கேல்சனும் ஸ்ட்ராட்டனும் 80 சைன் அலைகளைப் பல்சக்கரமும் சுருள்வில்லும் வைத்துக் கூட்டும் இயந்திரத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். நம் விரிதாள் செய்கிற அதே வேலைதான். வளைந்த அலைகளைக் கூட்டி மூலையுள்ள வடிவம் வருமா என்ற சந்தேகம் அதற்கும் முந்தையது. ஃபூரியர் 1807இல் வெப்பம் பரவுவது பற்றிய தன் ஆய்வைப் பாரிஸில் சமர்ப்பித்தபோது எதிர்த்தவர்களில் லக்ராஞ்சும் ஒருவர். புத்தகமாக வெளிவர 1822 ஆனது.

அந்த எகிறல் உங்களுக்கு வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது. லான்சோஸ் சொன்ன முறை: ஒவ்வொரு வீச்சையும் ஒரு குறைப்பு எண்ணால் பெருக்க வேண்டும். நீங்கள் சேர்த்திருக்கும் கடைசி ஹார்மோனிக்கின் எண்ணோடு 1ஐக் கூட்டி அதை எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எண்ணை எல்லையால் வகுத்து, வருவதைப் பையால் பெருக்கினால் ஒரு ரேடியன் கோணம் கிடைக்கும். அந்தக் கோணத்தின் சைனை அதே கோணத்தால் வகுத்தால் வருவதுதான் குறைப்பு எண். கீழ் ஹார்மோனிக்குகளுக்கு அது 1ஐ ஒட்டியிருக்கும், மேலே போகப் போக பூஜ்யத்தை நெருங்கும். மேடுகள் படுத்துவிடும், சதுரத்தின் மேல்பகுதி தட்டையாகிவிடும். பதிலுக்குச் செங்குத்து விளிம்பு கொஞ்சம் சாய்ந்துபோகும். படம் வரைவதற்கு எனக்கு இதுதான் பிடிக்கும். ஒலிக்கு அவசியமில்லை.

அடுத்தது பல்ஸ். சுற்றில் ஒரு பங்கு நேரம் 1, மீதி நேரம் 0. 0 டிகிரியை மேட்டின் நடுவில் வைத்துக்கொண்டால் எல்லாம் கோசைன்தான், அதாவது எல்லா ஃபேஸும் 90. வீச்சு:

2/(பை × எண்) × சைன்(எண் × 180° × பங்கு)

பங்கு கால் என்றால் வரிசையாக 0.450, 0.318, 0.150, 0, −0.090, −0.106, −0.064, 0. கழித்தல் குறியோடு அப்படியே தாளில் போடலாம். நாலின் மடங்குகள் எல்லாம் காணாமல் போவதைப் பாருங்கள். பங்கு மூன்றில் ஒன்று என்றால் மூன்றின் மடங்குகள் போகும். பாதி என்றால் இரண்டின் மடங்குகள், அது நம் சதுர அலையேதான். இதில் மறக்கக் கூடாதது மட்டம். சைன்களை மட்டும் கூட்டினால் சராசரி எப்போதும் பூஜ்யம், கால் பங்கு அலையின் சராசரியோ 0.25. அதைத் தனியாக மொத்தத்தில் கூட்ட வேண்டும்.

சூத்திரம் எதுவும் இல்லாத, நீங்களே கையால் வரைந்த ஒரு வடிவத்துக்கும் பட்டியல் எடுக்கலாம். 0 முதல் 359 டிகிரி வரை 360 மதிப்புகளை ஒரு நெடுவரிசையில் எழுதுங்கள். 360ஆவது டிகிரியைச் சேர்க்காதீர்கள், அது அடுத்த சுற்றின் 0. சேர்த்தால் ஒரு புள்ளி இரண்டு முறை எண்ணப்பட்டு எல்லா எண்ணும் லேசாகக் கோணும். தாவல் விழுகிற புள்ளியில் இரண்டு மதிப்புக்கும் நடுவில் உள்ளதை எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் சைனால் பெருக்கிக் கூட்டியது ஒன்று, கோசைனால் பெருக்கிக் கூட்டியது ஒன்று. சம்ப்ராடக்ட் ஃபங்ஷன் இதை ஒரே செல்லில் செய்துவிடும். இரண்டையும் 360ஆல் வகுத்து இரட்டிக்க வேண்டும், வருபவைதான் சைன் கெழு, கோசைன் கெழு. மட்டத்துக்கு வெறும் சராசரி போதும், அதை இரட்டிக்கக் கூடாது. முதலில் சதுர அலையையே கொடுத்துப் பாருங்கள், 1க்கு 1.2732 வந்தால் தாள் சரியாக இருக்கிறது.

கிடைத்த சைன் கெழுவையும் கோசைன் கெழுவையும் வீச்சு, ஃபேஸ் ஆக்க, இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வீச்சு. ஃபேஸுக்கு ஏடேன்2 (ATAN2), கிடை அளவையும் குத்து அளவையும் கொடுத்தால் கோணத்தைத் தரும் ஃபங்ஷன். விரிதாள்களில் இந்த ஃபங்ஷன் கிடை அளவை முதலிலும் குத்து அளவை அடுத்தும் கேட்கும், பெரும்பாலான நிரல்மொழிகளில் இது தலைகீழ். ஆகவே விரிதாளில் சைன் கெழு முதலில், கோசைன் கெழு அடுத்து. வருவது ரேடியனில் இருக்கும், டிகிரியாக மாற்றித்தான் ஃபேஸ் செல்லில் போட வேண்டும்.

கடைசியாக, இதை ஒலியாக்க நினைப்பவர்களுக்கு. நொடிக்கு 44,100 சாம்பிள் (அலையின் மதிப்பை எழுதிவைக்கும் புள்ளி) என்றால் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் வைத்திருக்க முடியாது. மேலே போனது மறையாமல் மடங்கிக் கீழே வந்து விழும். 2,000 ஹெர்ட்ஸ் சதுர அலையை எடுத்துக்கொள்ளுங்கள். 11ஆம் ஹார்மோனிக் 22,000, தப்பித்தது. 13ஆவது 26,000, அது 44,100 − 26,000 = 18,100 ஹெர்ட்ஸாகக் கேட்கும். அது 2,000இன் மடங்கே இல்லை, சுரத்தோடு சேராத கீச்சொலி. இதைத்தான் ஏலியாசிங் என்கிறார்கள். +1, −1 என்று நேரடியாக மாற்றி மாற்றி எழுதிச் சதுர அலை செய்தால் இந்தக் குப்பை முழுவதும் உள்ளே வந்துவிடும். சைன்களாகக் கூட்டும்போது எங்கே நிறுத்துவது என்பது உங்கள் கையில் இருக்கிறது: 22,050ஐ அடிப்படை அதிர்வெண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டுவிடுங்கள், அதுதான் கடைசி எண். 440 ஹெர்ட்ஸுக்கு 50, சதுரத்தில் ஒற்றைப்படை மட்டும் என்பதால் 49 வரை, 25 சைன். 2,000 ஹெர்ட்ஸுக்கு வெறும் ஆறே சைன். சுரம் மாறும்போதெல்லாம் பட்டியலின் நீளமும் மாற வேண்டும், ஒரே பட்டியலை எல்லாச் சுரத்துக்கும் ஓட்டாதீர்கள். கூட்டி முடித்த பிறகு உச்ச மதிப்பைக் கண்டுபிடித்து மொத்தத்தையும் அதனால் வகுத்துவிடுங்கள், கிப்ஸ் மேடு 1ஐத் தாண்டுவதால் அப்படியே அனுப்பினால் முனை வெட்டுப்படும்.